பொடோனி எழுத்தின் தோற்றமும் பயனும்

ஒரு நூலைக் கையிலெடுப்போர் அதனை இயற்றியவர் யார் என்று கேட்பர். எங்கே பதிப்பிக்கப்பட்டது என்றும் சிலர் கேட்பர். அந்நூல் அச்சான எழுத்தை வெட்டியவர் யார் என்று கேட்போர் மிகச் சிலரே. எழுத்து ஒலியின் அறிகுறி. அவ்வொலியை உணர்த்திய அளவில் அதன் தொழில் முடிந்துவிட்டது என்றே நாம் பெரும்பாலும் எண்ணிவிடுகின்றோம். ஆயினும் எழுத்தின் வடிவமும் வரலாறுடையது. ஒரு காலத்து மக்களின் கருவிகளும் தொழில்களும் அரசியலும் அழகுணர்ச்சியும் அவ்வடிவத்தினுள் பதிந்து கிடக்கின்றன. கல்வெட்டின் எழுத்தைக் கொண்டு அதன் காலத்தை வரையறுக்கும் வரலாற்றாசிரியர், அச்செழுத்தைக் கொண்டும் அவ்வாறே பல உண்மைகளை அறிதல் கூடும்.

ஐரோப்பாவிற் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய ஓர் உரோமன் எழுத்துவகை இத்தகைய ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது. இத்தாலியரான ஜம்பற்றிஸ்ரா பொடோனி என்பவரும், பிரான்சு நாட்டு டிடோ குடும்பத்தாரும் இதனை ஆக்கி வளர்த்தனர். அச்சுக்கலை வல்லார் இதனை 'நவீன எழுத்து' என வகுப்பர். ஆக்கியோர் பெயரால் பொடோனி எனவும் டிடோ எனவும் வழங்குவாரும் உளர். தோன்றிய நாள்தொட்டு இதனைப் போற்றினோரும் பலர், தூற்றினோரும் பலர். அரசர் கைக்குரிய அணிநூல்களிலும் இது வீற்றிருந்தது. தெருவோரச் சுவரொட்டிகளிலும் நின்றது. இதன் வரலாற்றினூடே ஒரு வினா ஓயாது எழுகின்றது: எழுத்தானது கண்டு மகிழ்தற்குரியதா, அன்றிப் படித்து அறிதற்குரியதா? அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுத்தின் இலக்கணம்

முதற்கண் இவ்வெழுத்தின் இலக்கணத்தை நோக்குவாம். உரோமன் எழுத்துக்களின் தலையிலும் காலிலும் குறுக்காக அமைந்த சிறு கோடுகள் உண்டு. ஆங்கிலேயர் இவற்றைச் செரிப் என்பர். ஈண்டு முனைக்கோடு எனக் கூறுவாம். பழைய எழுத்துக்களில் இம்முனைக்கோடு, தண்டோடு சேருமிடத்தில், மரத்தின் அடிவேர்போல வளைந்து தடித்திருக்கும். பொடோனியின் எழுத்திலோ அது மயிரிழை போன்ற நேர்கோடாய், வளைவு இல்லாமலோ மிகச் சிறிய வளைவுடனோ தண்டின் அடியில் வந்து பொருந்தும். இஃது ஓர் இயல்பு. நிமிர்ந்த தண்டு நன்கு தடித்தும் குறுக்குக்கோடு மிக மெலிந்தும் இருத்தல் மற்றோர் இயல்பு. ஓ என்னும் வட்டவெழுத்தை எடுத்துக்கொண்டால், பழைய வகையில் அதன் தடித்த பகுதிகள் சற்றுச் சாய்வாக அமைந்திருக்கும். நவீன வகையில் அவை நேர் இடத்தும் நேர் வலத்தும் எதிரெதிரே நிற்கும். இது மூன்றாம் இயல்பு.

இவற்றோடு, வரிகளுக்கிடையே அகன்ற வெளியும் பக்கத்தின் நாற்புறமும் பரந்த ஓரமும் விடுதல் இவ்வகை நூல்களின் மரபு. கருமையும் வெண்மையும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டி நிற்பதே இதன் அழகிற்குக் காரணம். பூவேலைப்பாடு எதுவும் இல்லாமலே பக்கம் பொலிவுடன் தோன்றும்.

கருவியும் வடிவமும்

எழுத்திலே தடிப்பும் மெலிவும் எங்கிருந்து பிறந்தன? எழுதுகருவியிலிருந்து என்பதே விடை. எழுத்தாணி கொண்டு பனையோலையிற் கீறிய நம் முன்னோரின் எழுத்திலே கோடு எங்கும் ஏறக்குறைய ஒரே அளவினதாக இருக்கும். கூரிய முனை எத்திசையிற் சென்றாலும் அதன் அகலம் மாறுவதில்லை. ஐரோப்பியரோ அகன்ற முனையுடைய இறகுப் பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதினர். அது ஒரு திசையிற் செல்லும்போது தடித்த கோட்டையும், மற்றொரு திசையிற் செல்லும்போது மெல்லிய கோட்டையும் தந்தது. 1470 ஆம் ஆண்டில் வெனிசு நகரில் நிக்கொலா ஜென்சன் பயன்படுத்திய உரோமன் எழுத்தும், அடுத்த நூற்றாண்டிற் பாரிசில் குளோட் கரமொன் வெட்டிய எழுத்தும் இப்பேனாவின் சாய்வைத் தம்முள் கொண்டவை.

பின்னர்க் கூரிய முனையுடைய பேனா செல்வாக்குப் பெற்றது. அதிலே தடிப்பைத் தருவது முனையின் சாய்வன்று, கையின் அழுத்தமே. எழுத்தாசிரியர்கள் தம் எழுத்தைச் செப்புத் தகட்டிற் செதுக்குவித்து அச்சிட்டபோது, சிற்றுளியால் மயிரிழையினும் மெல்லிய கோடுகளை வரைதல் எளிதாயிற்று. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்துப் பள்ளிக்கூடங்களிலே, மேலெழும் கோடு மெலியவும் கீழிறங்கும் கோடு தடிக்கவும் மாணவர் எழுதிப் பழகிய ஆங்கிலக் கையெழுத்து இம்மரபின் வழிவந்ததே. அக்கால மக்களின் கண் இத்தகைய எழுத்துக்குப் பழகிவிட்டது. அச்செழுத்தும் அவ்வழியே செல்லத் தொடங்கியது.

இம்மாற்றத்துக்கு அரசின் துணையும் கிடைத்தது. பதினான்காம் லூயி மன்னன் காலத்தில், 1692 ஆம் ஆண்டளவில், அரச அச்சகத்துக்கெனப் புதியதோர் எழுத்தை வகுக்கும் பணி பிரான்சிய அறிவியற் கழகத்தைச் சார்ந்த குழுவொன்றிடம் ஒப்புவிக்கப்பட்டது. அக்குழுவினர் பெரிய எழுத்து ஒவ்வொன்றையும் 2304 சிறு சதுரங்களாகப் பகுத்த கட்டத்தினுள் அமைத்து வரைந்தனர். அதனைத் தழுவிப் பிலிப் கிரான்சான் என்பார் எழுத்துக்களை வெட்டினார். 1702 ஆம் ஆண்டில் வெளிவந்த அரச பதக்கங்கள் பற்றிய பெருநூல் அவ்வெழுத்தில் அச்சிடப்பெற்றது. வெட்டியவரின் கண் கணிதக் கட்டத்துக்கு முற்றிலும் அடங்கவில்லை எனினும், செங்குத்தான அமைப்பும் மெல்லிய முனைக்கோடும் அங்கே தலைகாட்டின. கையின் வழக்கத்தை விடுத்து அறிவின் விதியால் எழுத்தை ஆக்கலாம் என்னும் எண்ணம் அன்று வேரூன்றியது.

பாஸ்கவிலும் பிராங்கிளினும்

இங்கிலாந்திற் பேர்மிங்ஹாம் நகரில் வாழ்ந்த ஜோன் பாஸ்கவில் (1706–1775) முதலிற் கையெழுத்துக் கற்பிக்கும் ஆசிரியராகவும் கல்லில் எழுத்து வெட்டுவோராகவும் இருந்தவர். அரக்குப் பூச்சுத் தொழிலாற் செல்வம் ஈட்டிய பின்னர் அச்சுத்தொழிலிற் புகுந்தார். மெல்லிய கோடுகளை வெட்டிவிட்டால் மட்டும் போதாது, அவை தாளிற் செவ்வனே பதிதலும் வேண்டும் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார். அக்காலத்துத் தாளிலே வார்ப்புச் சல்லடையின் கம்பிவரிகள் மேடுபள்ளமாகப் பதிந்திருக்கும். மயிரிழைக்கோடு அதன்மேல் உடைந்து தோன்றும். பாஸ்கவில் அச்சுப்பொறியைத் திருத்தினார். மை கரியதாக அமையும் வழி கண்டார். அச்சிட்ட தாளைச் சூடேற்றிய செப்புத் தகடுகளின் இடையே அழுத்தி வழவழப்பாக்கினார். 1757 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட வேர்ஜில் என்னும் இலத்தீன் புலவரின் நூலிலே, கம்பிவரி தெரியாத புதுவகை நெசவுத்தாளும் ஒரு பகுதிக்குப் பயன்படுத்தப்பட்டது.

பாஸ்கவிலைப் பாராட்டியோரினும் பழித்தோரே அவர் நாட்டில் மிகுதி. அவர் எழுத்து கண்ணைக் கெடுக்கும் என்ற பேச்சுப் பரவியிருந்தது. இதுபற்றி அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் 1760 ஆம் ஆண்டில் அவருக்கு எழுதிய கடிதமொன்றில் ஒரு நிகழ்ச்சி கூறப்பட்டுள்ளது. ஒருவர் பிராங்கிளினிடம் வந்து, பாஸ்கவிலின் கோடுகள் மெலிந்தவை, அவை படிப்போரின் கண்ணை வருத்துகின்றன என முறையிட்டார். பிராங்கிளின் உள்ளே சென்று, யாவரும் புகழ்ந்த கஸ்லன் என்பாரின் எழுத்து மாதிரித் தாளை எடுத்து, பெயருள்ள மேற்பகுதியைக் கிழித்துவிட்டுக் கொணர்ந்து, 'இது பாஸ்கவிலின் மாதிரி; குற்றங்களைக் காட்டுக' என்றார். வந்தவர் அத்தாளை உற்றுநோக்கிப் பல குற்றங்களை எடுத்துக்காட்டினார்! தாம் நாள்தோறும் கண்நோவின்றிப் படித்துவந்த எழுத்தே அது என்பதை அவர் அறியார்.

கேள்விப்பட்டதையே கண்டதாகக் கொள்ளும் மனவியல்பை இந்நிகழ்ச்சி நன்கு விளக்குகின்றது. ஆயினும் இதனைக் கொண்டு மெல்லிய கோடுகள் எக்காலத்தும் கண்ணுக்குத் தீங்கிழையா என முடிவு செய்தல் பொருந்தாது. வந்தவர் கருத்துக்குச் சான்று இல்லை என்பது மட்டுமே இதனால் அமைவது. பாஸ்கவிலின் நூல்கள் நல்ல தாளில், நல்ல மையில், பெரிய எழுத்தில் வந்தவை. அவை இல்லாதவிடத்து என்ன நிகழும் என்பதைப் பின்வந்த நூற்றாண்டே காட்டிற்று.

பொடோனியின் வாழ்வும் பணியும்

பொடோனி 1740 ஆம் ஆண்டில் வட இத்தாலியிலுள்ள சலுற்சோ என்னும் ஊரில் ஓர் அச்சுத்தொழிலாளரின் மகனாகப் பிறந்தார். இளமையில் உரோமாபுரி சென்று, திருச்சபையின் வேதப் பரப்புச் சங்கத்து அச்சகத்தில் வேலைக்கமர்ந்தார். கீழைநாட்டு மொழிகள் பலவற்றின் எழுத்துக்களை வைத்திருந்த அவ்வச்சகம் அவருக்குக் கல்லூரியாக விளங்கியது. பின்னர் இங்கிலாந்து செல்லக் கருதிப் புறப்பட்டவர் நோயுற்றுத் தம் ஊரிலே தங்க நேர்ந்தது. 1768 ஆம் ஆண்டில் பார்மாக் கோமகன் பேர்டினன்ட் தன் அரச அச்சகத்தின் தலைவராக அவரை அழைத்தான். அன்றுதொட்டு 1813 இல் இறக்கும்வரை பார்மாவே அவர் வாழ்விடமாயிற்று.

தொடக்கத்தில் அவர் பாரிசு நகரத்துப் பூர்னியே என்பாரின் எழுத்துக்களை வருவித்துப் பயன்படுத்தினார். 1771 இல் வெளியிட்ட மாதிரி நூலில் அச்சாயல் தெளிவாகத் தெரியும். நாளடைவிற் பூவேலைப்பாடுகளைக் களைந்தார். தண்டைத் தடிக்கவும் முனைக்கோட்டை மெலியவும் செய்தார். ஓர் எழுத்தை ஆக்கும் முறை எளிதன்று. உருக்குத் துண்டின் முனையில் எழுத்தைப் புடைப்பாக வெட்டி, அதனைச் செம்பில் அடித்துக் குழிப்படிவம் செய்து, அப்படிவத்தில் ஈயக்கலவையை வார்த்தல் வேண்டும். ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியே உருக்கில் வெட்டுதல் வேண்டும். அவர் வெட்டியும் வெட்டுவித்தும் சேர்த்த உருக்கு முளைகளும் செப்புப் படிவங்களும் பல்லாயிரம். அவை இன்றும் பார்மாவிற் பாதுகாக்கப்படுகின்றன. 1963 ஆம் ஆண்டில் அவர் பெயரால் அங்கே ஓர் அரும்பொருட்சாலையும் திறக்கப்பட்டது.

1806 இல் அவர் கிறித்தவ சமயத்து மன்றாட்டொன்றை 155 மொழிகளில் அச்சிட்டு வெளியிட்டார். 1808 இல் ஓமரின் இலியத் காவியத்தைக் கிரேக்க மொழியில் மூன்று பெருந்தொகுதிகளாக அச்சிட்டு நெப்போலியனுக்கு உரிமையாக்கினார். அவர் இறந்தபின், 1818 இல், அவர் மனைவி மார்கரீற்றா அம்மையார் 'மனுவாலே திப்போகிராபிக்கோ' என்னும் எழுத்து மாதிரிப் பெருநூலை இரு தொகுதிகளாக வெளியிட்டார். நேரெழுத்தும் அதற்கிணையான சாய்வெழுத்துமாக 142 தொகுதிகளும், கிரேக்கம், எபிரேயம், அரபு முதலிய பிறமொழி எழுத்துக்களும் அதிலுண்டு. அதன் முன்னுரையிற் பொடோனி எழுத்தழகிற்கு நான்கு பண்புகளைக் கூறுகின்றார். ஒழுங்கு, துப்புரவு, நற்சுவை, எழில் என்பன அவை. முதல் மூன்றும் உழைப்பால் வருவன. நான்காவது, முயற்சி புலப்படாத இடத்திற் பிறப்பது.

பொடோனியின் நூல்களைக் கோமான்களும் மன்னர்களும் வாங்கிச் சேர்த்தனர். இலண்டன் நூல்வணிகர் ஒருவருக்காக அவர் 1791 இல் ஆங்கிலக் கதைநூலொன்றையும், 1793 இற் கிறே என்னும் புலவரின் பாடல்களையும் அச்சிட்டுக் கொடுத்தார். எனினும், அவர் பதிப்புக்களிற் பிழைகள் மலிந்துள்ளன, அவை படிப்பதற்கன்றிப் பார்ப்பதற்கே உரியன என்ற குறை அவர் காலத்திலேயே எழுந்தது. பக்கத்தின் அழகில் வைத்த கண்ணைப் பாடத்தின் திருத்தத்தில் வையாதது பெருங்குறையே. பதிப்பாசிரியர்க்கு இஃது ஓர் எச்சரிக்கையாகும்.

டிடோ குடும்பத்தார்

பாரிசில் டிடோ குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக நூல்வணிகமும் அச்சுத்தொழிலும் நடத்தினர். பிரான்சுவா அம்புறுவாஸ் டிடோ (1730–1804) எழுத்தின் அளவைப் புள்ளிக்கணக்கால் வரையறுக்கும் முறையைச் சீர்செய்தார். நெசவுத்தாளைப் பிரான்சிற் பரப்பினார். அவர் மகன் பேர்மின் டிடோ 1784 ஆம் ஆண்டளவில் வெட்டிய எழுத்தே நவீன வகையின் முதல் வடிவம் எனப் பொதுவாகக் கொள்வர். மற்றொரு மகன் பியேர் டிடோ, அரசு அளித்த லூவர் மாளிகையிலிருந்து, 1798 இல் வேர்ஜிலையும் 1799 இல் ஒராசையும் 1801 தொடக்கம் இராசீனின் நாடகங்களையும் பேரளவு நூல்களாக அச்சிட்டார். இவை செல்வர்க்கே எட்டுவன.

ஆயின் அதே குடும்பத்தின் மற்றொரு பணியை மறத்தலாகாது. கோத்த எழுத்துப் பக்கம் முழுவதையும் ஒரே உலோகத் தகடாக வார்க்கும் முறையைப் பேர்மின் டிடோ பயன்படுத்தி வளர்த்தார். பிழைதிருத்திய தகட்டிலிருந்து வேண்டும்போதெல்லாம் படிகள் எடுக்கலாம். மீண்டும் எழுத்துக் கோக்கும் செலவில்லை. ஆதலாற் பழம்பெரும் நூல்கள் சிறிய அளவில், மலிந்த விலையில் மாணவர் கைக்கு வந்தன. கிரேக்க நாட்டின் வரலாற்றிலும் இவர்க்கு இடமுண்டு. டிடோவின் கிரேக்க எழுத்தில் அறிஞர் கொறாயிஸ் தம் நாட்டுப் பழநூல்களைப் பதிப்பித்தார். 1821 இல் தொடங்கிய விடுதலைப் போரின் பின்னர், கிரேக்க நூல்களிற் பெரும்பாலானவை நெடுங்காலம் அவ்வெழுத்து மரபிலேயே அச்சாயின. மாளிகைக்கென அமைந்த வடிவம் ஒரு மக்களினத்தின் கல்விக்கும் உதவியது.

பெருக்கமும் இழிவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நவீன எழுத்து ஐரோப்பா முழுவதையும் ஆட்கொண்டது. இலண்டனில் இறொபேட் தோண் முதலிய எழுத்து வார்ப்போர், தடித்த தண்டை மேலும் பெருக்கிக் கொழுத்த எழுத்துக்களை ஆக்கினர். தொழிற்புரட்சி வணிகத்தைப் பெருக்க, வணிகம் விளம்பரத்தைப் பெருக்கிற்று. தொலைவில் நிற்போரையும் அழைக்கும் எழுத்துத் தேவைப்பட்டது. சீட்டிழுப்பு அறிவித்தல்களிலும் நாடகச் சுவரொட்டிகளிலும் அக்கொழுத்த எழுத்து ஓங்கி ஒலித்தது. ஒழுங்கும் எழிலும் நாடிய பொடோனி இதனைக் கண்டிருப்பின் தம் வழித்தோன்றல் என ஏற்றிருப்பாரோ என்பது ஐயமே.

நூல்களிலும் செய்தித்தாள்களிலும் நேர்ந்தது இதற்கு மறுதலை. நீராவிப் பொறியின் விரைவும், மலிந்த தாளும், தேய்ந்த எழுத்தும் ஒன்றுகூடின. மயிரிழைக்கோடுகள் ஒடிந்தன அல்லது மை பெறாது மறைந்தன. தடித்த தண்டுகள் மட்டும் வேலிக்கதியால்கள்போல் வரிசையாக நின்றன. ஓர் எழுத்துக்கும் மற்றோர் எழுத்துக்கும் உள்ள வேறுபாடு மெல்லிய கோட்டிலே தங்கியிருக்க, அக்கோடு மறைந்தபின் கண் தடுமாறுவது இயல்பே. பிராங்கிளினிடம் வந்தவர் கூறிய குறை ஒரு நூற்றாண்டு கழித்து உண்மையாயிற்று. இதனை வெறுத்த வில்லியம் மொறிஸ் 1891 ஆம் ஆண்டில் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தை நிறுவி, ஜென்சன் காலத்து எழுத்துக்கு மீண்டார். பொடோனியின் எழுத்தை அவர் கடுஞ்சொற்களாற் பழித்தார். இலண்டன் ரைம்ஸ் பத்திரிகையும் 1932 ஆம் ஆண்டு அக்டோபர் 3 ஆம் திகதி, தான் வழங்கிவந்த நவீன எழுத்தை விடுத்து, ஸ்ரான்லி மொறிசனின் வழிகாட்டலில் அமைந்த உறுதியான புதிய எழுத்தை மேற்கொண்டது.

மறுமலர்ச்சி

பழிக்கப்பட்ட வடிவம் அழிந்துபோகவில்லை. அமெரிக்காவில் மொறிஸ் புல்லர் பென்ரன் இருபதாம் நூற்றாண்டின் முதற் பதின்மங்களிற் பொடோனி எழுத்தைப் புதுக்கினார். 1922 இல் ஹான்ஸ் மாடர்ஸ்ரைக் சுவிற்சலாந்தில் நிறுவிய கையச்சகம், பார்மாவிலுள்ள மூலப் படிவங்களிலிருந்து வார்த்த எழுத்துக்களைப் பயன்படுத்தும் உரிமை பெற்று, பொடோனியின் பெயரையே தன் பெயராகச் சூடிக்கொண்டது. 1926 இல் ஜேர்மனியில் ஹைன்றிக் யோஸ்ற் மற்றொரு வடிவம் தந்தார். 1934 தொடக்கம் 1958 வரை அமெரிக்காவின் 'ஹாப்பர்ஸ் பசார்' என்னும் பெண்கள் இதழின் கலையமைப்பைப் பொறுப்பேற்ற அலெக்சி புறொடோவிச், பரந்த வெண்வெளியில் இவ்வெழுத்தை நிறுத்திப் புதியதோர் அழகைக் காட்டினார். அன்றிலிருந்து ஆடையணி இதழ்களின் முகப்பெழுத்து என்றால் இவ்வகையே நினைவுக்கு வருகின்றது.

இதற்கு முற்றிலும் வேறான மற்றொரு துறை கணிதம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நவீன எழுத்து மரபு கணித நூல்களில் நிலைத்துவிட்டது. 1970களின் இறுதியில் டொனால்ட் குனூத் என்னும் கணினி அறிஞர் தாம் ஆக்கிய அச்சுக்கோப்பு முறைக்கென, மோனோரைப் நிறுவனத்தின் நவீன எழுத்தைப் பின்பற்றி ஓர் எழுத்துத் தொகுதியை வகுத்தார். உலகெங்கும் கணித, பௌதிக ஆராய்ச்சிக் கட்டுரைகள் பல இன்றும் அவ்வெழுத்திலே வெளிவருகின்றன.

ஒளியச்சுக்கோப்பு வந்தபோது பழைய தவறொன்று புதுவடிவில் நேர்ந்தது. ஒரே வரைவைப் பெருக்கியும் சுருக்கியும் எல்லா அளவுக்கும் பயன்படுத்தினர். பெரிய அளவில் எழிலாய் விளங்கிய மயிரிழை சிறிய அளவில் இல்லாமலே போயிற்று. பொடோனி ஒவ்வோர் அளவையும் தனித்தனியே வெட்டியதன் பொருள் அப்போதே விளங்கிற்று. சிற்றளவில் அவர் மெல்லிய கோட்டைச் சற்று உறுதியாகவே விட்டிருந்தார். 1991 இல் ஜொனதன் ஹோவ்லர் டிடோ எழுத்தை ஏழு அளவுகளுக்கு வேறுவேறாக வரைந்ததும், 1994 இல் ஐரிசி நிறுவனம் பார்மாச் சென்று ஆராய்ந்து பொடோனி எழுத்தை 6, 12, 72 புள்ளிகள் என மூன்று அளவுகளுக்கு ஏற்ப வெளியிட்டதும் இவ்வுண்மையை உணர்ந்தமையாலேயே ஆகும்.

முடிபு

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். காண்டற்குரிய எழுத்து, கற்றற்குரிய எழுத்து என இரு சாதிகள் இல்லை. ஒரே எழுத்து, தலைப்பிலே நின்றால் கண்ணைக் கவரும். நல்ல தாளில், தக்க அளவில், போதிய இடைவெளியோடு நின்றால் இனிது படிக்கவும்படும். மலிந்த தாளிற் சிற்றளவில் நெருக்கி நிறுத்தினால் கண்ணை வருத்தும். மொறிஸ் கண்ட குறை உண்மையே. ஆனால் அது பொடோனியின் குறையன்று. அவ்வெழுத்தை அதற்கொவ்வாத இடத்தில் வைத்தோரின் குறை. பொடோனியைப் புகழ்வோரும், அழகு ஒன்றே அமையும் என எண்ணிப் பாடத்தின் திருத்தத்தைப் புறக்கணித்தால், கற்போர்க்கு இழைக்கும் தீங்கு சிறிதன்று. எழுத்து யாருக்காக என்று கேளாது அதன் அழகை மட்டும் பேசுதல் பயனற்றது.

வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அரசர்க்கு உரைத்த அம்முறை அச்சிடுவோர்க்கும் ஏற்புடையதே. எழுத்தின் வலியையும், தாளும் பொறியும் அமைந்த காலத்தையும், அது நிற்கவேண்டிய இடத்தையும் அறிந்தோர் கையில் மயிரிழைக்கோடும் நிலைக்கும். மலர் தொகுப்போரும் பாடநூல் ஆக்குவோரும் இம்மூன்றையும் எண்ணிப் பார்ப்பாராயின், கற்கும் பிள்ளைகளின் கண்கள் அவர்க்கு நன்றி கூறும்.